பச்சையில் எழும் பலகை

பலகைகளின் பராமரிப்பைப் பார்க்கும் பாண்டியராஜ் அருவிக்கரையிலிருந்து அனுப்பிய படத்தில் மின்பலகை பச்சையாக இருந்தது. ‘குளிக்கலாம்.’ பலகையின் கீழ்மூலையில் மணி 9.42. படம் ஷஹானாவின் கைப்பேசிக்கு வந்தபோது மணி 10.20.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். உட்கார்ந்தாள். திரும்ப எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அலுவலகம் இருந்த குத்துக்கல்வலசையில் வெயில்தான். மேற்கே மலை மட்டும் தெரியவில்லை. மேகம் மூடியிருந்தது.

பாண்டியராஜைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, இப்பவும் அப்படியேதான் நிக்குதா?”

“ஆடாம அசையாம நிக்குது மேடம். நான் வந்து டீ குடிச்சு, வடை தின்னு, இன்னொரு டீயும் குடிச்சாச்சு. 9.42தான்.”

“தண்ணி?”

“தண்ணி இப்போ பரவால்ல. பத்து மணிக்குக் கொஞ்சம் ஏறிச்சு. நாங்கூட சிவப்பு வரும்னு பாத்தேன். வரல.”



டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனி அது. சின்ன இயந்திரங்களின் திரையில் எழுத்தும் படமும் வரைவதற்கான நிரல் தொகுப்பு ஒன்றை எழுதி விற்றார்கள். தராசு செய்கிறவர்கள், டிக்கெட் மெஷின் செய்கிறவர்கள் அதை வாங்கித் தங்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். எந்த ஊர்த் திரையில் தங்கள் எழுத்து ஓடுகிறது என்று இவர்களுக்கே தெரியாது. குற்றாலத்து அருவியில் வைத்த பலகை ஒன்றுதான் கண்ணெதிரே இருந்தது. பாறையில் பதித்த குழாய் ஒன்று தண்ணீரின் உயரத்தை அளந்து சொல்லும். நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் பச்சை, குளிக்கலாம். மேலே போனால் சிவப்பு, தடை.

காமராஜ் தன் அறையில் இருந்தார். கம்பெனி அவருடையது. படத்தைக் காட்டினாள்.

“அணைச்சுப் போட்டா சரியாயிருமா?”

“சரியாகும் சார். திரும்ப நிக்கும். மெமரி நிறைஞ்சு போகுது. எதனாலன்னு தெரியல.”

“இங்கன மூணு வாரம் ஓட விட்டோமே. நிறையலையே?”

“அதான் சார் தெரியல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஷஹானா, இன்னைக்கு வெள்ளி. நாளைக்கும் மறுநாளும் கூட்டம் அள்ளும். இப்பப் போயி நிரல்ல கைய வைக்காதே. மணிக்கு ஒருதடவ அதுவா அணைஞ்சு எரியுத மாதிரி போட்டு விட்டுரு. சீசன் முடியட்டும், சாவகாசமாப் பாப்போம்.”

“அணைஞ்சு எரிஞ்சா பச்சையில எழும்பும் சார். குழாய்லேர்ந்து பதில் வர நாப்பது செகண்டு ஆகும்.”

“நாப்பது செகண்டுதானே?”

பலகை பச்சையில் எழும்படி செய்யச் சொன்னவர் அவர்தான். திறப்பு விழாவில் பெரிய அதிகாரி பொத்தானை அமுக்கும்போது சிவப்பில் ‘தடை’ என்று எழும்பினால் நல்லாவா இருக்கும் என்றார். நல்லாயில்லைதான் என்று எல்லோருக்கும் பட்டது. அவளுக்கும் பட்டது. பலகை பச்சையில் எழுந்தது, கைதட்டினார்கள், யாரோ தேங்காய் உடைத்தார்கள். அதற்கப்புறம் யாரும் அதை மாற்றவில்லை.

அவள் ஹெல்மெட்டை எடுத்தாள். மேசை டிராயரிலிருந்து உபரியாக இருந்த, பலகையை இயக்கும் சர்க்யூட் கார்டு ஒன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இலஞ்சி தாண்டும்போதே சாரல் முகத்தில் அடித்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டாள். பலகையின் மெமரி இருநூற்று ஐம்பத்தாறு கேபி. அதற்குள்தான் எல்லாம். நிரல் நாற்பத்தெட்டைத் தின்னும். பலகையில் தெரியும் படம் ஒவ்வொன்றும் பதினாறு. அலுவலகத்தில் மூன்று வாரமும் தொண்ணூற்றாறிலேயே நின்றது. ஒரு கேபி ஏறவில்லை. இங்கே மட்டும் காலை ஆறு மணிக்குப் போட்டது 9.42க்குள் முழுவதையும் விழுங்கியிருந்தது.

அருவிக்கரையில் கூட்டம் இருந்தது. எண்ணெய் தேய்க்கிறவர்கள் படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாறையெல்லாம் மினுங்கியது. பெண்கள் பக்கம் கயிற்றுக்கு அந்தப்புறம் ஐம்பது பேராவது நின்றார்கள். ஏட்டு பேச்சிமுத்து குடையைப் பிடித்துக்கொண்டு கயிற்றருகே நின்றார். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, பலகையைப் பார்த்து நின்றார்.

“வா பாப்பா,” என்றார். “கடிகாரம் நின்னு போச்சு போலிருக்கே. பரவால்ல, எங்கிட்ட வாட்ச் இருக்கு.”

“கடிகாரம் மட்டும் இல்ல சார். எல்லாமே நின்னுட்டு.”

“பச்சை எரியுதே?”

“அது 9.42 பச்சை.”

அவர் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசிப்பது போலிருந்தது.

பாண்டியராஜ் ஏணியைச் சாத்தி அணைத்துப் போட்டார். பலகை இருண்டது. பச்சையில் எழுந்தது. ஷஹானா தன்னையறியாமல் எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. குழாயின் பதில் வந்தது: முப்பத்து மூன்று. பச்சை உண்மையான பச்சையாயிற்று.

டீக்கடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. பலகையிலிருந்து வயரை இழுத்து மடிக்கணினியில் மாட்டினாள். ஒரு மூலையில் தண்ணீரின் உயரம். இன்னொரு மூலையில் மெமரி. தொண்ணூற்றாறு.

கால் ஆடிக்கொண்டே இருந்தது. கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்தாள். மற்றக் கால் ஆடத் தொடங்கியது.

அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு. டீ ஆறிப்போயிற்று. ஒரு குரங்கு வந்து டம்ளரைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

பிறகு தண்ணீர் தயங்கியது. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று. பலகை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மெதுவாக மாறத் தொடங்கியது. அது சிவப்பை எட்ட இருபது விநாடி ஆகும். எட்டு விநாடியில் தண்ணீர் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. பலகை பாதியில் திரும்பிப் பச்சைக்குப் போயிற்று.

நூற்றுப் பன்னிரண்டு.

அவள் நிமிர்ந்தாள். பதினாறு. ஒரு படம்.

அலுவலகத்தில் தண்ணீர் என்று எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை முப்பது என்று எண்ணைக் கொடுத்தார்கள். ஒழுங்கான தண்ணீர். பச்சை முழுதாகச் சிவப்பாகும், சிவப்பு முழுதாகப் பச்சையாகும். இங்கே தண்ணீர் அப்படி வரவில்லை. ஏறுவதா இறங்குவதா என்று எல்லையில் நின்று தத்தளித்தது.

நிறம் மாறும் பகுதியைத் திறந்தாள். அதைத் திறக்காமலே தெரியும். அவள் எழுதியது.

போன சீசனில் பலகை பட்டென்று சிவப்பானது. கூட்டம் மிரண்டு ஒரே நேரத்தில் ஓடி, எண்ணெய்ப் பாறையில் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மெள்ள மாத்துங்க, மனுசன் நடந்து வெளியே வர நேரம் இருக்கணும் என்றார் அதிகாரி. அவள் இரண்டே நாளில் எழுதிக் கொடுத்தாள். பழைய படத்தை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். புதுப் படத்தை வரை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து காட்டு. கலந்து முடிந்ததும் பழைய நகலை விட்டுவிடு.

கலந்து முடிந்ததும். பாதியில் திரும்பினால்? கடைசி வரிக்கு நிரல் வரவே வராது. நகல் அப்படியே கிடக்கும். பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஆள் ஏறாமலே போன மாதிரி. அடுத்த தத்தளிப்புக்கு இன்னொரு துண்டு. பத்துத் துண்டு போட்டால் பஸ் நிறைந்துவிடும். ஆள் ஒருவரும் இல்லை.

பலகை எப்போது செத்துப்போகும் என்றும் புரிந்தது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது சாகாது. நன்றாக ஏறிவிட்டாலும் சாகாது. ஏறப்போகிற நேரத்தில்தான் சாகும்.

சாரலில் நனைந்த கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, ஒரு வேலை. இந்த மூலைல வருத நம்பர் ஏறுச்சுன்னா சத்தமாச் சொல்லுங்க. நான் இன்னொரு விண்டோல எழுதணும்.”

“என்ன மேடம், கேரளா லாட்டரி ரிசல்ட்டு மாதிரி வாசிக்கச் சொல்லுதிய.” அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்தார். “நூத்திப் பன்னெண்டு. எனக்கு விழல.”

பாதியில் திரும்பினால் நகலை விட்டுவிடு என்று ஒரு வரி சேர்க்கலாம். பத்து நிமிட வேலை. எழுதினாள். அழித்தாள். இரண்டு படத்தையும் கலந்த படத்தையும் பிடித்துக்கொண்டு ஓடுகிற நிரல் இன்னொரு இடத்தில் இடறும். அவளுக்கு இப்போது அந்த மூன்று படங்களின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

“நூத்தி இருவத்தெட்டு,” என்றார் பாண்டியராஜ்.

அப்போதுதான் ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். தலையில் எண்ணெய் வழிந்தது.

“எம்மா, இந்தக் கண்ணாடியச் செத்த வச்சிக்கிடுதியா? கூட வந்தவளுவ எல்லாம் உள்ள போயிட்டாளுவ. குரங்கு தூக்கிட்டுப் போயிரும்.”

“எங்கிட்டயா?”

“நீ இங்கனயேதானே உக்காந்திருக்கே. நான் சுகிர்தம். ராயகிரி வேன்ல வந்தோம். கேட்டா குடு.” கையில் திணித்தாள். தடிமனான கண்ணாடி.

“இது இல்லாம உங்களுக்குக் கண்ணு தெரியுமாக்கா?”

“ஆளு தெரியாது. எழுத்து தெரியாது. அந்தா, பச்சையா ஏதோ எரியுதுல்லா, அது தெரியும். அது போதும்.” கையை நீட்டித் தடவிக்கொண்டே கயிற்றைத் தாண்டிப் போனாள்.

ஷஹானா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

எழுத்து மெதுவாக மாறுவதை யார் பார்க்கிறார்கள்? ‘குளிக்கலாம்’ கரைந்து ‘தடை’ தெளிவதை அதிகாரி பார்த்தார், காமராஜ் பார்த்தார், அவள் பார்த்தாள். தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு நிறம் மட்டும்தான். நிறத்துக்குப் படம் எதற்கு? பச்சை மூன்று எண். சிவப்பு மூன்று எண். கலக்க வேண்டியது ஆறு எண்கள். எழுத்தின் வடிவத்தை நிறமில்லாமல் ஒரே ஒரு தடவை வைத்துக்கொண்டால் எட்டு கேபி போதும். நகல் வேண்டாம். எடுக்காத நகலை விடவும் வேண்டாம்.

தட்டத் தொடங்கினாள். பிழையாகத் தட்டி, அழித்து, தட்டினாள். சாரல் திரையில் விழுந்தது. துடைக்கும்போது விரல் பட்டு இரண்டு வரி காணாமல் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டாள்.

“நூத்தி நாப்பத்து நாலு.”

“சொல்லுங்க.”

“சொல்லிட்டேன். நூத்தி அறுவது.”

கடைசியில் ஒரு வரி மிச்சமிருந்தது. எழும்போது காட்டவேண்டிய நிறம். பச்சை என்று இருந்ததை அழித்துவிட்டுச் சிவப்பு என்று எழுதினாள். யாரிடமும் கேட்கவில்லை.

பையிலிருந்த உபரிக் கார்டில் ஏற்றிப் பார்த்தாள். மடியில் வைத்து விரலால் எண்ணை மாற்றினாள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. பாதியில் திருப்பினாள். கால்வாசியில் திருப்பினாள். இருபது தடவை, நாற்பது தடவை, நூறு தடவை. ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு. அது அசையவில்லை. அசையாததையும் நம்ப முடியாமல் இன்னும் முப்பது தடவை அமுக்கினாள்.

“இருநூத்தி எட்டு,” என்றார் பாண்டியராஜ். குரலில் விளையாட்டு போயிருந்தது. “மேடம், ஆட்டம் சாஸ்தியாருக்கு.”

காமராஜை ஸ்பீக்கரில் கூப்பிட்டு, புது நிரலை இப்போதே ஏற்றப்போவதாகச் சொன்னாள்.

“எவ்வளவு நேரம் ஓட்டிப் பாத்தே?”

“பத்து நிமிசம்.”

“பத்து நிமிசமா? ஏம்மா, கூட்டத்துக்கு நடுவுல பத்து நிமிசம் பாத்ததையா ஏத்தப் போறே? அது வேற மாதிரி நின்னுட்டா? இப்போதைக்கு அணைச்சுப் போடு. சாயந்திரம் கூட்டம் குறையட்டும். நானே வாறேன், ரெண்டு பேருமா ஏத்துவோம்.”

அவர் சொல்வதில் தப்பில்லை. இன்னொருத்தி செய்திருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

“சரி சார்,” என்று வைத்தாள்.

“இருநூத்தி இருவத்து நாலு.”

ஏட்டிடம் போனாள். பாறை வழுக்கியது. “சார், ஒரு கால் மணி நேரம் எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“பலகை நிக்கப் போகுது. நின்னா பச்சையிலயே நிக்கும்.”

“இப்போ நிக்கலைல்லா? பச்சைதானே காட்டுது.” அவர் குடையைத் தோளில் சாய்த்தார். “பாப்பா, பச்சை எரியும்போது நான் விசில் அடிச்சா என்னச் சும்மா விடுவானுவளா? போன வாரம் ஒருத்தன் போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டான். பலகை குளிக்கலாம்ங்குது, போலீசு விரட்டுதுன்னு. அதுக்குப் பதில் எழுதினது நான். நீ சிவப்பக் காட்டு, நான் அடிக்கேன்.”

அவளால் சிவப்பைக் காட்ட முடியும். இங்கிருந்தே கட்டளை கொடுக்கலாம். ஆனால் பழைய நிரலில் அதுவும் ஒரு மாற்றம்தான். அதற்கும் படம் வேண்டும். தண்ணீர் குறுக்கே ஆடினால் பாதி மஞ்சளில் உறைந்து நிற்கும். வெறுமனே அணைத்துப் போட்டாலோ, தண்ணீர் ஏறுகிற நேரத்தில் நாற்பது விநாடி பொய்ப் பச்சை.

“இருநூத்தி நாப்பது!” டீக்கடையிலிருந்து கத்தினார் பாண்டியராஜ்.

இன்னும் ஒன்று.

திரும்பி ஓடினாள். ஒரு செருப்பு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டாள்.

“அண்ணாச்சி, கரண்டக் கட் பண்ணுங்க.”

“சார் சாயந்திரம்னாரே.”

“கட் பண்ணுங்க.”

அவர் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறினார்.

பலகை இருண்டது. குளித்துக்கொண்டிருந்தவர்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏட்டு மட்டும் குடையை மடக்கினார்.

“ஏம்மா! என்ன அணைச்சுட்டே?”

மடிக்கணினியில் ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. பலகை அணைந்திருந்தாலும் கார்டுக்கு வயர் வழியே மின்சாரம் போகும்; நிரல் ஏற இரண்டு நிமிடம் ஆகும். பன்னிரண்டு சதம். பதினெட்டு. அருவியின் சத்தம் கூடினாற்போலிருந்தது. கூடியதா, தனக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? சுகிர்தத்தின் கண்ணாடி இடது கையில் இருந்தது. பெண்கள் பக்கம் பார்த்தாள். எண்ணெய்த் தலைகள். எது அவள் என்று தெரியவில்லை. நாற்பத்தொரு சதம்.

“எதப் பாத்து நான் ஆள விடுதது?” ஏட்டு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். “பலகையும் இல்லாம?”

“தண்ணியப் பாருங்க சார்.”

“என்னது?”

“தண்ணியப் பாருங்க.” அவள் தலையைத் திருப்பவில்லை. “பலகை வைக்கதுக்கு முன்னால எதப் பாத்தியளோ அதப் பாருங்க.”

அவர் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் திரும்பினார். காலையிலிருந்து முதல் தடவையாக அருவியைப் பார்த்து நின்றார்.

எழுபது. எண்பத்தெட்டு. நூறு. கோடு மறைந்தது. அவள் கை காட்ட, பாண்டியராஜ் கரண்டைப் போட்டார்.

பலகை சிவப்பில் எழுந்தது. ‘தடை.’

ஏட்டு விசிலை ஊதினார். அவளையும் பார்க்கவில்லை, எண்ணையும் பார்க்கவில்லை. சிவப்பு வந்தது, ஊதினார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனகினார்கள். ஒருவன் இப்பத்தானய்யா உள்ள வந்தோம் என்றான். எண்ணெய் தேய்த்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார்கள். பெண்கள் பக்கம் கயிறு அசைந்தது.

நாற்பது விநாடி கழித்துக் குழாயின் பதில் வந்தது. முப்பத்தெட்டு.

பலகை மெதுவாக மஞ்சளாகத் தொடங்கியது. தடுத்து நிறுத்தப்பட்டிருந்தவர்கள் கயிற்றை நோக்கி ஒரு அடி வைத்தார்கள். நாற்பத்தொன்று. மஞ்சள் தயங்கிச் சிவப்புக்குத் திரும்பியது. ஐம்பத்தாறு கேபி. முப்பத்தொன்பது. திரும்பியது. ஐம்பத்தாறு. நாற்பத்து மூன்று. நாற்பத்தேழு. அதற்கப்புறம் எண் இறங்கவில்லை. தண்ணீர் பழுப்பாகி இலையும் குச்சியும் வந்தன. கை தடிமனில் ஒரு கிளை பெண்கள் நின்ற இடத்தில் விழுந்து, சுழன்று, போயிற்று.

கயிற்றருகே யாரும் முனகவில்லை.

“கெட்டிக்காரிதாம் நீ,” என்றார் ஏட்டு. “தண்ணி வருததுக்கு ஒரு நிமிசம் முன்னாலயே சொல்லிட்டே உன் பலகை.”

அதை அப்படியே விட்டுவிடலாம். விடவேண்டும் போலத்தான் இருந்தது.

“அது சொல்லல சார். இனிமே அது எப்பவும் சிவப்புலதான் எழும்பும். கரண்டு போய் வந்தாலும் சிவப்புதான். தண்ணியப் பத்தி அதுக்கு அப்போ ஒண்ணும் தெரியாது.”

அவர் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். “அப்போ சும்மாவா விசில் அடிச்சேன்?”

“ஆமா சார்.”

“நல்ல கதையா இருக்கே.” விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு வெளியே எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கைப்பேசி அடித்தது. காமராஜ். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பாண்டியராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, “நான் வேணும்னா எடுத்து, நாந்தான் தெரியாமக் கட் பண்ணிட்டேன்னு சொல்லட்டுமா?” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி.” எடுத்தாள். “ஏத்திட்டேன் சார்.”

“என்ன காட்டுது?”

“சிவப்பு. நாப்பத்தேழு.”

“அதக் கேக்கல. மெமரி.”

“அம்பத்தாறு.”

“எத்தனையிலேர்ந்து?”

“சும்மா இருக்கும்போதே தொண்ணூத்தாறு இருந்துச்சு சார்.”

“சாயந்திரம் வாறேன்,” என்று வைத்தார். கோபமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் தெளிய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஒற்றைச் செருப்போடு டீக்கடைக்கும் பலகைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். நாற்பத்து நான்கு. நாற்பது. முப்பத்தாறு. பலகை மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்துப் பச்சையாயிற்று. ‘குளிக்கலாம்.’ மணி 3.51. கைப்பேசியில் 3.51.

காத்திருந்த கூட்டம் கயிற்றை நெருக்கியது. சுகிர்தம் முன்வரிசையில் நின்றாள். தலையில் எண்ணெய் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஏட்டு கயிற்றை அவிழ்க்கவில்லை. அருவியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு ஷஹானாவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏ பாப்பா. விடலாமா?”

நூறு பேர் அவளைப் பார்த்தார்கள். பாறையில் பழுப்பு போய் வெள்ளையாக இறங்கியது தண்ணீர். திரைக்குக் குனிந்தாள். முப்பத்து மூன்று. ஐம்பத்தாறு. நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். மேகம் அங்கேயேதான் இருந்தது.

“அஞ்சு நிமிசம்,” என்றாள்.

கூட்டம் கத்தியது. ஏட்டு கத்தவில்லை. ஐந்து நிமிடம் நின்றார்கள். முப்பத்து மூன்று. முப்பத்திரண்டு. ஐம்பத்தாறு.

“விடுங்க.”

கயிறு அவிழ்ந்தது. சுகிர்தம் போகிற போக்கில் கத்தினாள்: “கண்ணாடி உங்கிட்டதானே இருக்கு? எங்கயும் போயிராதட்டீ!”

“இங்கனதான் நிப்பேன்,” என்றாள் ஷஹானா.